மங்கி ஐலண்ட் ஆடினோம், பிள்ளைகள் சிரிக்கவே இல்லை: ஏன்?

செந்தூலிலிருந்து ஓர் அப்பா கேட்டிருக்கிறார். 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' என்ற கணினி விளையாட்டின் மறுபதிப்பை வாங்கி, பள்ளி விடுமுறையில் 13, 16 வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தாராம். புதிய ஓவியம், குரல் நடிப்பு எல்லாம் போட்டு ஆடியிருக்கிறார்கள். மாட்டிக்கொண்ட இடத்தில் எல்லாம் கைப்பேசியில் தீர்வு பார்த்துத் தாண்டியிருக்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் ஒருவரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை, சின்னவன் பாதியில் எழுந்து போய்விட்டான். "உலகமே விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொல்கிறார்களே, நிஜமாகவே சிரித்தார்களா, இல்லை பழைய பாசத்தில் அடித்து விடுகிறார்களா?" என்பது கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அன்றைக்குச் சிரித்தவர்கள் எதற்குச் சிரித்தார்கள், அதில் எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது ஒன்று. அந்த இரண்டு மணி நேரத்தில் உங்கள் வீட்டில் என்ன கோளாறு நடந்தது என்பது மற்றொன்று. விளையாட்டு வடிவமைப்பு சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆனால் முதல் கேள்வியைத் தொடாமல் அங்கே போக முடியாது.

சிரித்தார்கள், அதில் சந்தேகம் வேண்டாம். லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் 1990-இல் வெளியிட்டது இது. ரான் கில்பர்ட் தலைமையில் டிம் ஷேஃபரும் டேவ் கிராஸ்மனும் சேர்ந்து எழுதினார்கள். கடற்கொள்ளையன் ஆகவேண்டும் என்று ஒரு தீவில் வந்து இறங்கும் கைப்ரஷ் திரீப்வுட் என்ற சோப்ளாங்கிப் பையன்தான் நாயகன். ஆனால் அன்றைய ஆட்டக்காரர்கள் சிரித்த சிரிப்பில் ஒரு பங்கு வேறொரு நிறுவனத்தைப் பார்த்துச் சிரித்தது. அப்போது சந்தையை ஆண்ட சியெரா நிறுவனத்தின் சாகச விளையாட்டுகளில் ஓரடி தவறி வைத்தால் சாவு. சேமித்து வைக்கவில்லை என்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதல் மணியில் எடுக்க மறந்த ஒரு பொருளுக்காக எட்டாவது மணியில் ஆட்டம் முட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு. இதெல்லாம் ஏன் மோசமான வடிவமைப்பு என்று கில்பர்ட் 1989-இலேயே கட்டுரை எழுதியவர்.

மங்கி தீவின் மலை உச்சியில் ஓரமாகப் போய் நின்றால் மண் சரிந்து கைப்ரஷ் கீழே விழுவான். உடனே சியெரா பாணியில் ஒரு பெட்டி வந்து, ஆட்டம் முடிந்தது, சேமித்திருப்பாய் என்று நம்புகிறேன் என்று சொல்லும். சில நொடி அமைதி. பிறகு அவன் துள்ளி மேலே வந்து நின்று, "ரப்பர் மரம்" என்பான். சியெராவில் நூறு முறை செத்தவனுக்கு அது பழிவாங்கிய சிரிப்பு. இன்றைய பிள்ளைக்கு அந்தப் பெட்டியே அந்நியம். (தோட்டத்தில் பால் மரம் வெட்டிய பரம்பரைக்கு இன்னொரு சிக்கல்: அந்த மரத்தில் யாரும் துள்ள முடியாது என்பது நமக்குத் தெரியும். அதனாலேயே நம்மவர்கள் சிலருக்கு அது கூடுதல் சிரிப்பு.) இதே வகையில் செத்துப்போன இன்னொரு நகைச்சுவை, மதுக்கடையில் "லூம் பற்றி என்னிடம் கேள்" என்ற பட்டையைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள். கேட்டால், அதே நிறுவனம் அதே 1990-இல் வெளியிட்ட இன்னொரு விளையாட்டுக்கு மூச்சுவிடாமல் விளம்பரம் செய்வான். அந்த விளையாட்டின் பெயரே தெரியாத வீட்டில் அது வெறும் பேச்சு.

மரக்கட்டை விவகாரம் இன்னும் வேடிக்கை. டிஸ்கெட்டில் வந்த முதல் பதிப்பில், காட்டில் ஒரு வெட்டுமரத்தைப் பார்த்தால், உள்ளே சுரங்கப்பாதை இருக்கிறது என்று கைப்ரஷ் குதிப்பான். உடனே "22-ஆம் டிஸ்கெட்டைப் போடவும்" என்று வரும். பிறகு 36, பிறகு 114. கடைசியில், சரி, இந்தப் பகுதியைத் தாண்டிவிடுகிறேன் என்று அவனே சொல்லிவிடுவான். டிஸ்கெட் மாற்றி மாற்றி நொந்தவர்களுக்காக எழுதிய கிண்டல் இது. ஆனால் கணிசமான பேர் இதை நிஜம் என்று நம்பி, என் பெட்டியில் அந்த டிஸ்கெட்டெல்லாம் இல்லையே என்று உதவித் தொலைபேசிக்கு அடித்தார்கள். குறுந்தகடு பதிப்பில் அந்த நகைச்சுவையையே எடுத்துவிட்டார்கள். 1991-இல் வந்த இரண்டாம் பாகத்தில், காட்டுக்குள் இருக்கும் ஒரு தொலைபேசியிலிருந்து கைப்ரஷே அந்த உதவி எண்ணுக்குப் பேசும்போது மரக்கட்டைப் பேச்சு மறுபடி வரும். ரசிகர்களின் புகாரையே அடுத்த ஆட்டத்துக்குச் சிரிப்பாக்கிவிட்டார்கள். உங்கள் மறுபதிப்பில் அந்த மரக்கட்டை நகைச்சுவையே கிடையாது, எனவே அதைத் தவறவிட்டோமோ என்று தேட வேண்டாம்.

இனி உயிரோடு இருப்பவை. இந்த விளையாட்டில் நல்ல நகைச்சுவை எல்லாம் நீங்கள் செய்த ஒரு காரியத்துக்கு அது தரும் பதிலாகத்தான் வருகிறது. பார்த்துக்கொண்டு இருந்தால் வராது, கையை வைக்க வேண்டும். கைப்ரஷை ஒரு சிலையோடு கட்டி ஷெரிஃப் துறைமுகத்தில் தள்ளிவிடும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடலடியில் அவனைச் சுற்றிக் கத்தி, ரம்பம் என்று கயிறு அறுக்கக்கூடிய சாமான்கள் எல்லாம் கிடக்கும், ஒன்றும் கைக்கு எட்டாது. ஆட்டக்காரர் ஒவ்வொன்றாக முயன்று வியர்ப்பார். விடை என்னவென்றால், சிலையையே தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறிப் போகலாம். தன்னால் 10 நிமிடம் மூச்சடக்க முடியும் என்று கைப்ரஷ் பல இடங்களில் பெருமை அடித்திருப்பான் இல்லையா, இங்கே நிஜமாகவே 10 நிமிடம் சும்மா விட்டால் செத்துப்போவான். கட்டளை தருவதற்காகத் திரையின் அடியில் "எடு, தள்ளு, பேசு" என்று இருந்த வினைச்சொற்கள் அப்போது "மித, வீங்கு, அழுகு" என்று மாறிவிடும். நடுவில் "குறிப்புப் புத்தகம் ஆர்டர் செய்" என்று ஒன்றும் இருக்கும். சின்னவனை மறுபடி இழுத்துவர இதைவிட நல்ல தூண்டில் கிடையாது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் காத்திருக்கச் சொல்லுங்கள். முன்னாலேயே சேமித்து வைக்க மறக்காதீர்கள், அது உண்மையான சாவு.

அடுத்தது வாய்ச்சண்டை வாள்சண்டை. விளையாட்டின் உயிரே இதுதான், இங்கேதான் பெரும்பாலானவர்கள் கெடுத்துக்கொள்கிறார்கள். வாள் சண்டையில் ஜெயிப்பது கையால் அல்ல, வாயால். ஒருவன் வசை பாடுவான், மற்றவன் அதற்குப் பொருந்தும் எதிர்ப்பேச்சைச் சொன்னால் முன்னேறுவான், சொல்லத் தெரியாவிட்டால் பின்வாங்குவான். அந்தச் சுற்றில் வென்றவர்தான் அடுத்த வசையைத் தொடங்க வேண்டும். வசையும் பதிலுமாக 16 ஜோடி இருக்கிறது. ஆரம்பத்தில் உங்களிடம் உருப்படியாக ஒன்றும் இருக்காது. தீவின் பாதைகளில் நடக்கும் கொள்ளையர்களிடம் தோற்றுத் தோற்றுத்தான் கற்க வேண்டும்: அவன் உங்களைத் திட்டினால் அந்த வசை உங்கள் சட்டைப்பைக்கு வந்துவிடும். அதே வசையை அடுத்தவனிடம் எடுத்து விட்டால், அவனுக்குத் தெரிந்திருக்கும் பட்சத்தில் பதிலும் கிடைக்கும். கவுண்டமணி, செந்தில் மாதிரி யார் வாய் பெரிது என்று மோதும் சண்டைதான், ஒரே வித்தியாசம் இங்கே முதல் ஒரு மணி நேரம் உங்களுக்குச் செந்தில் வேடம்.

உச்சம், கடைசியாக நீங்கள் வெல்ல வேண்டிய வாள் தலைவியிடம் இருக்கிறது. அவள் நீங்கள் மனப்பாடம் செய்த வசை எதையும் சொல்ல மாட்டாள், எல்லாம் புதிது. ஆனால் உங்கள் பழைய பதில்களே அவற்றுக்கும் பொருந்தும். "பால்காரனைப் போல் சண்டை போடுகிறாய்" என்று ஒரு கொள்ளையன் திட்டியதற்கு "பொருத்தம்தான், நீ மாட்டைப் போல் சண்டை போடுகிறாய்" என்று பதில் கற்றிருப்பீர்கள். தலைவி "உன் உடம்பிலிருந்து கடைசிச் சொட்டு ரத்தம்வரை கறந்துவிடுவேன்" என்பாள். கறப்பது என்ற சொல் காதில் விழுந்ததும் அந்த மாட்டுப் பதில் ஞாபகம் வந்தால், அந்த நொடியில் வரும் சிரிப்பு உங்கள் சொந்தச் சம்பாத்தியம். தீர்வைப் பார்த்து 16 பதில்களையும் முன்கூட்டியே அறிந்தவருக்கு அந்த நொடி கிடையாது. அவர் கேள்வித்தாள் நிரப்புகிறார், அவ்வளவுதான். சரி, தீர்வு இல்லாமல் ஆடும்போது ஒரு நியாயமான குறை உண்டு: பத்துக்கு மேல் கற்ற பிறகு மிச்சத்துக்காக அலைவது சலிப்பு. எல்லா 16-ஐயும் முடித்துவிட்டுத்தான் போவேன் என்று பிடிவாதம் வேண்டாம். ஒரு பயிற்சிப் புத்தகத்தில் இடப்பக்கம் வசை, வலப்பக்கம் பதில் என்று பெரியவளை எழுதச் சொல்லுங்கள். வலப்பக்கம் பன்னிரண்டு நிரம்பியதும் தலைவியிடம் போய்ப் பாருங்கள். தோற்றால் ஒன்றும் குடி முழுகிவிடாது, திரும்பி வந்து இன்னும் இரண்டு கற்றுக்கொண்டு போகலாம்.

ஆக, உங்கள் வீட்டில் நடந்த கோளாறில் முதலிடம் கைப்பேசித் தீர்வுக்கு. அதை இந்த விளையாட்டுக்கு மட்டுமாவது ஒதுக்கி வையுங்கள். மறுபதிப்பிலேயே குறிப்பு வசதி இருக்கிறது. எச் விசையை அழுத்தினால் முதலில் ஜாடையாகச் சொல்லும், மீண்டும் மீண்டும் கேட்டால்தான் போட்டு உடைக்கும். முதல் ஜாடையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இரண்டாவது கோளாறு திரை. 2009 மறுபதிப்பின் புதிய ஓவியத்தில், அடியில் நிரந்தரமாக இருந்த வினைச்சொற்களும் பொருள் பட்டியலும் மறைந்துவிட்டன, விசையை அழுத்தினால்தான் வெளியே வரும். ஆனால் இதன் நகைச்சுவையில் பாதி அந்த அடிப்பகுதியில்தான் நடக்கிறது. ஆளுநர் மாளிகையில் கைப்ரஷ் சுவருக்குப் பின்னால் போய்ச் சண்டை போடுவான், நமக்கு ஒன்றும் தெரியாது. அடியில் உள்ள வரி மட்டும் தானாகவே "அதை எடு, இதைத் தள்ளு" என்று பைத்தியக்காரத்தனமான காரியங்களை அடுக்கிக்கொண்டே போகும். இது நாம் இதுவரை கையாண்ட அதே வரி என்பதால்தான் சிரிப்பு. எஃப்10 அழுத்தினால் ஆட்டம் நின்ற இடத்திலேயே பழைய 256 வண்ணத் திரை வந்துவிடும். மாளிகைக் காட்சியையும் மதுக்கடையையும் அந்தத் திரையில் ஆடுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும், முதல் பாகத்தின் மறுபதிப்பில் பழைய திரைக்குப் போனால் குரல் நடிப்பு நின்றுவிடும்.

குரல் நிற்பதை நான் நட்டமாக நினைக்கவில்லை, ஆனால் இது என் அபிப்பிராயம், அடித்துச் சொல்ல மாட்டேன். டொமினிக் அர்மாட்டோ 1997-இல் வந்த மூன்றாம் பாகம் முதல் கைப்ரஷுக்குக் குரல் கொடுப்பவர், அருமையாகச் செய்கிறார். ஆனால் முதல் பாகம் குரலே இல்லாமல் வாசிப்பதற்காக எழுதப்பட்டது. தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. வேகமாகப் பேசும் நடிகரைவிட, அப்பா நிறுத்தி நிதானமாக ஆளுக்கொரு குரலில் வாசிப்பது நன்றாக எடுபடும். கைப்ரஷுக்குச் சின்னவன், மற்றவர்களுக்கு நீங்கள் என்று பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பழைய திரை பிடித்துப்போனால், மூலக் கோப்புகளை ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளில் ஓட்டலாம். மறுபதிப்பின் பெரிய பொதிக்கோப்புக்குள்தான் பழைய மங்கி.000, மங்கி.001 என்ற இரண்டு கோப்புகளும் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து ஒரே கோப்புறையில் போட்டு, ஸ்கம்விஎம்மில் அந்தக் கோப்புறையைக் காட்டினால் அடையாளம் கண்டுகொள்ளும். அங்கே இரண்டு அமைப்புகளைக் கவனியுங்கள். முதலாவது, திரை விகிதத் திருத்தத்தைப் போட்டு வையுங்கள். படம் 320-க்கு 200 புள்ளிகளில் வரைந்தது, அன்றைய திரைகள் 4-க்கு 3 என்பதால் உயரவாக்கில் இழுத்துக் காட்டின. திருத்தம் இல்லாவிட்டால் ஆட்கள் எல்லாம் அமுங்கிய குண்டர்களாகத் தெரிவார்கள். இரண்டாவது எழுத்து வேகம். ஆட்டத்தின் நடுவிலேயே கூட்டல், கழித்தல் விசைகளால் மாற்றலாம். வேகம் அதிகமானால் முத்தாய்ப்பு வரி படிக்குமுன் மறைந்துவிடும், மிகக் குறைவானால் பெரியவள் கொட்டாவி விடுவாள். வீட்டில் மெதுவாகப் படிப்பவருக்கு ஏற்ப வைத்துவிட்டு, மற்றவர்கள் முற்றுப்புள்ளி விசையால் ஒரு வரியைத் தாண்டலாம். எஸ்கேப் விசையைத் தொடாதீர்கள், அது காட்சி முழுவதையும் விழுங்கிவிடும்.

இரண்டாம் முறை உட்காரும்போது எங்கே முட்டுவீர்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். காசு: சர்க்கஸ் பீரங்கிக்குள் நுழைய ஒப்புக்கொண்டால் 478 காசு கிடைக்கும், ஆனால் தலையில் கவிழ்க்க மதுக்கடைச் சமையலறையின் பானை வேண்டும். வாள் 100, பயிற்சி 30, வரைபடம் 100, மண்வெட்டி 75. எல்லாம் வாங்கியும் மிச்சம் இருக்கும், சிக்கனம் பார்க்க வேண்டாம். வாள் தலைவியின் வீட்டை யாரும் சொல்ல மாட்டார்கள். கடைக்காரரிடம் அவளைப் பற்றிக் கேட்டுவிட்டு, அவர் கிளம்பியதும் பின்னாலேயே காட்டுக்குள் தொடருங்கள். தயங்கி நின்றால் தொலைத்துவிடுவீர்கள். புதையல் வரைபடம் பார்ப்பதற்கு நடனக் குறிப்பு மாதிரி இருக்கும், அதையே திசையாகப் படியுங்கள். குரோக் என்ற மதுவால் சிறைப் பூட்டைக் கரைக்கும் இடத்தில் எல்லாருமே ஒருமுறை தோற்பார்கள். அது குவளையையும் கரைத்துவிடும், ஆகவே எல்லாக் குவளைகளையும் எடுத்துக்கொண்டு, ஒன்று உருகத் தொடங்கும்போது அடுத்ததற்கு ஊற்றிக்கொண்டே ஓட வேண்டும்.

அந்த குரோக் மதுவுக்கே ஒரு தனிக் கதை உண்டு. மண்ணெண்ணெய், பேட்டரி அமிலம், அச்சுக் கிரீஸ் என்று போகும் அதன் செய்முறையை இணையத்தில் யாரோ கிண்டலுக்கு உலவவிட, 2009-இல் அர்ஜெண்டினாவின் ஒரு தொலைக்காட்சி அதை இளைஞர்களிடையே பரவும் நிஜமான ஆபத்து பானம் என்று செய்தியாகவே போட்டது. 22-ஆம் டிஸ்கெட்டைத் தேடியவர்களின் வாரிசுகள்!

பழைய பாசமா என்று கேட்டதற்கு வருகிறேன். பாசம் உண்டு, மறைக்க முடியாது. 90-களில் கோலாலம்பூரில் இதை ஆடியவர்களில் பலர் நகல் டிஸ்கெட்டில்தான் ஆடினார்கள். நகல் தடுப்புக்காகப் பெட்டியில் இரண்டு அட்டைச் சக்கரங்கள் வரும். அவற்றைச் சுழற்றித் திரையில் தெரியும் கொள்ளையனின் முகத்தை மேலும் கீழும் பொருத்தினால், அவனை எந்த ஆண்டு தூக்கிலிட்டார்கள் என்று ஒரு துளையில் தெரியும், அதைத் தட்டச்சு செய்ய வேண்டும். நம் ஊரில் அந்தச் சக்கரங்களை போட்டோஸ்டேட் எடுத்து, வெட்டி, நடுவில் ஊசி குத்தி வைத்துக்கொண்டார்கள். கொள்ளையர் விளையாட்டைக் கொள்ளையடித்து ஆடிய சுகம் நினைவில் கலந்துதான் இருக்கும். ஆனால் பாசம் மட்டுமே காரணம் என்றால், அதே பாசம் எல்லாப் பாகங்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும், கிடைக்கவில்லை. இரண்டாம் பாகத்தின் முடிவு ரசிகர்களை இரண்டாகப் பிளந்தது, 2000-இல் வந்த நான்காம் பாகத்தின் குரங்குச் சண்டையை இன்றும் திட்டுகிறார்கள். 2022-இல் கில்பர்ட் திரும்பி வந்து 'ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்' அறிவித்தபோது, ரெக்ஸ் குரோவலின் ஓவியப் பாணி பிடிக்காதவர்கள் தனிப்பட்ட முறையில் தாக்க, கில்பர்ட் தன் வலைப்பதிவின் கருத்துப் பகுதியையே மூடிவிட்டார். முதல் பாகம் 16 வண்ணத்தில் தொடங்கியது, இரண்டாவதன் பின்னணிகள் கையால் வரைந்து வருடியவை, மூன்றாவது கேலிச்சித்திரம், நான்காவது முப்பரிமாணம். தோற்றம் மாறாமல் இருந்த காலமே இல்லாத ஒரு வரிசைக்கு, தோற்றம் மாறியதென்று சண்டை போட்டார்கள். பாசம் சிரிக்க வைத்ததைவிட கோபப்பட வைத்ததுதான் அதிகம் என்பது என் கணிப்பு. விளையாட்டு வெளிவந்த பிறகு விமர்சனங்கள் பெரும்பாலும் அன்பாகவே இருந்தன.

13 வயதுப் பையன் இந்த முறை சிரிப்பான் என்று நான் உத்தரவாதம் தர முடியாது, நகைச்சுவையில் அப்படிச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். வாள் தலைவியை ஜெயித்த பிறகும் முகம் இறுகியே இருந்தால் விட்டுவிடுங்கள், அவனுக்கு இது ஒத்துவரவில்லை. பிடித்துவிட்டால் அடுத்து இரண்டாம் பாகம். அதன் மூலப் பதிப்பில் தொடக்கத்திலேயே எளிய முறை, முழு முறை என்று இரண்டு கேட்கும். எளியதில் புதிர்கள் குறைவது மட்டுமல்ல, நல்ல காட்சிகளும் போய்விடும், முழு முறையையே எடுங்கள். அதன் மறுபதிப்பில் பழைய திரையிலும் குரல் வரும். 2022 பாகம் கண்ணுக்கு அழகாக இருக்கிறதே, குறிப்புப் புத்தகம்கூட உள்ளேயே இருக்கிறதே என்று பிள்ளைகள் நேரே அதற்குத் தாவப் பார்ப்பார்கள். விடாதீர்கள். அது இரண்டாம் பாகத்தின் கடைசிக் காட்சியிலிருந்துதான் தொடங்குகிறது.